நாலு கிராஃப், ஒரு வெள்ளிக்கிழமை

நாலு கிராஃபை ஒரே பக்கத்தில் போட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் பிளான்ட் மேனேஜர் இந்த மாத ஆரம்பத்தில் என்னிடம் கேட்டது இது. டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன் சார் என்றேன். வாய் இருக்கிறதே... எனக்கு எப்போதும் கையைவிட அதுதான் வேகம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி — ஒரகடத்தில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். குன்றத்தூரில் வீடு. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு நான் யாரிடமும் சண்டை போடுவதில்லை.

அந்த டீ ஆறிப்போய், அதில் ஆடை படிந்து, கேன்டீன் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டும் போய்விட்டார். கிராஃப் முடியவில்லை.

கதைக்கு வருகிறேன். நாங்கள் செய்கிற பாகங்களில் ஒன்று, இரும்பு வளையத்துக்குள் புஷ் என்கிற ரப்பர் உருளையை வைத்து அழுத்தி உட்கார வைப்பது. அழுத்துவது காற்றின் பலத்தில் ஓடும் ஒரு பிரஸ் மெஷின். ஆபரேட்டர் இரண்டையும் பொருத்தி வைத்து பட்டனை அமுக்கினால், புஸ்ஸென்று இறங்கி ஏறும். புஷ் முழுதாக உள்ளே போய் உட்கார்ந்தால் சரி. ஒரு மயிரிழை வெளியே நின்றாலும் ரிஜெக்ட்.

மாதங்கள் போயும் இந்த ரிஜெக்ட் குறையவே இல்லை. வாங்குகிற கார் கம்பெனிக்காரர்களுக்குக் கோபம். ஆடிட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை — கட்டுக்கட்டாகப் பேப்பர் காட்டக் கூடாது, பிரச்சினை முழுவதும் ஒரே ஷீட்டில் இருக்க வேண்டும்.

ஒரே ஷீட். அதில் நாலு கிராஃப். ரிஜெக்ட் எண்ணிக்கை, புஷ் இறங்கிய ஆழம், காற்றழுத்தம், ஷெட்டுக்குள் இருக்கும் வெப்பம். ரப்பர் அல்லவா... வெயிலில் குணம் மாறுமோ என்று அவர்களுக்குச் சந்தேகம்.

ஷீட்டின் கீழே இரண்டு கட்டங்கள். 'காரணம்' என்று ஒன்று, 'நடவடிக்கை' என்று இன்னொன்று. கிராஃப் வருவதற்கு முன்பே இரண்டையும் யாரோ நிரப்பிவிட்டார்கள். காரணம்: ஆபரேட்டர் தவறு. நடவடிக்கை: ஆபரேட்டர் மாற்றம்.

எந்தத் தொழிற்சாலை ரிப்போர்ட்டிலும் இதைவிட சுலபமான வரி கிடையாது. மெஷினை மாற்ற அப்ரூவல் வேண்டும். டிசைனை மாற்ற ஆறு பேர் கையெழுத்து வேண்டும். ஆளை மாற்ற? ஒரு பேனா போதும்.

அந்த ஆபரேட்டர் பெயர் ஜெபராணி. சாத்தான்குளம் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ட்ரெயினியாக வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் நாலைந்து பெண்களோடு ஒரு ரூம். எப்போதும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் பிரஸ். அதிகம் பேச மாட்டாள், ஆனால் சிரிப்பதற்குக் கஞ்சத்தனம் இல்லை.

ட்ரெயினிகளில் யார் யார் பெர்மனென்ட் என்ற லிஸ்ட் வருகிற நேரம் இது. லிஸ்ட்டில் பெயர் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு பஸ். அவள் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டாராம் — பெர்மனென்ட் ஆனால் அங்கே இரு, ஆகவில்லையென்றால் கிளம்பி வா, மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன். இதை அவள் என்னிடம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் சொன்னபோது, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். நல்ல ஆள்தான், ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும் என்றாள்.

அவளுக்கு எதிராக இருந்தது ஒரு பட்டை வரைபடம். ஆபரேட்டர் வாரியாக யாருக்கு எத்தனை ரிஜெக்ட் என்று எங்கள் டிபார்ட்மென்ட்டில் மாதாமாதம் போட்டு, ஷெட் வாசலில் போர்டில் ஒட்டுவோம். மற்றவர்கள் பட்டையெல்லாம் முழங்கால் உயரம் என்றால் ஜெபராணியின் பட்டை தலைக்கு மேலே நின்றது. மாதாமாதம். உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் அதைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும்.

லைன் சூப்பர்வைசர் தனசேகரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வல்லக்கோட்டைப் பக்கத்து ஆள், கிருத்திகை தவறாமல் மலர் வாங்கிக்கொண்டு முருகனைப் பார்க்கப் போகிறவர். அவருக்கும் மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நல்லா வேலை செய்ற பொண்ணுதான் மேடம். இன்னா பண்றது, நம்பர் அப்டி கீதே" என்றார்.

நம்பர் அப்படி இருக்கிறது. அதற்கு மேல் யார் பேச முடியும்?

சரி, கிராஃபுக்கு வருவோம். கம்பெனியில் போன வருடம் ஒரு புது சாஃப்ட்வேர் வாங்கிக் கொடுத்தார்கள். தனித்தனியாக ஒரு கிராஃப் போடச் சொன்னால் தங்கமாகப் போடும். நாலையும் ஒரே படத்தில் சேர்த்துப் போடு என்றால்தான் அதன் சுயரூபம் தெரியும். ஒன்றின் தலைப்பு இன்னொன்றின் காலில் விழும். எந்த நிறக் கோடு எது என்று சொல்லும் சின்னப் பெட்டி, சரியாக எது முக்கியமோ அதன் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒரு கறுப்புப் பட்டையாகிவிடும். ஒரு ரூமில் ஏழெட்டுப் பேர் தங்கினால் யார் துண்டு யார் பக்கெட் என்று காலையில் ஒரு சண்டை நடக்குமே... அதேதான்.

ஒருவழியாக மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அடுக்கினேன். அழகாகத்தான் இருந்தது. மேனேஜர் பார்த்து, பரவாயில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பாராட்டு விழாவுக்குச் சமம்.

எனக்குத்தான் திருப்தி இல்லை. வெப்பம் காட்டுகிற கிராஃப் மலை போல ஏறி இறங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் மொத்த வித்தியாசமே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சாஃப்ட்வேர் அப்படித்தான். ஒவ்வொரு கிராஃபுக்கும் அதனதன் அளவில் கட்டம் முழுவதையும் கொடுத்துவிடும். சின்ன விஷயமும் கட்டத்தை நிரப்பிக்கொண்டு பெரிதாக நிற்கும். காற்றழுத்தத்துக்கு மட்டும் அளவு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்ததால், அது கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அதனால் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேதிகள் இடிப்பதுதான் எனக்கு எரிச்சல். நாலு கிராஃபுக்கும் கீழே நாலு தடவை தேதி எதற்கு? ஒன்றன் கீழ் ஒன்றாக நாலையும் அடுக்கிவிட்டு, அடியில் ஒரே ஒரு தேதிக் கோடு போட்டால் போதாதா? தேடிப் பார்த்தால் அதற்கு ஒரு வசதி இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான நேரக்கோடு. டிக் பண்ணினேன். சாஃப்ட்வேர் முறைத்தது. காற்றழுத்தத்துக்கு நாளைக்கு ஒரு புள்ளிதான் இருக்கிறது, மற்றதெல்லாம் நிமிடக்கணக்கில் இருக்கிறது, இரண்டையும் எப்படி ஒரே கோட்டில் நிற்க வைப்பது என்று கேட்டது.

நியாயமான கேள்வி. பென் டிரைவை எடுத்துக்கொண்டு மெயின்டனன்ஸுக்குப் போனேன். அவர்கள் மீட்டிங்கில் எப்போதும் காட்டுவது அன்றன்றைய சராசரி. முழு டேட்டா எதற்கு மேடம், அவரேஜ் நல்லாத்தானே இருக்கு என்றார் அங்கிருந்தவர். அவரேஜ் நல்லாத்தான் இருந்தது. ஆனால் என் தேதி இடிக்கிறதே! கம்ப்யூட்டரில் கிடந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுபடி டிக். இந்தத் தடவை முறைக்கவில்லை. நாலும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன.

நேராக இருந்த காற்றழுத்தக் கோடு இப்போது நேராக இல்லை. பெரும்பாலும் சமதரைதான்... ஆனால் இங்கே ஒரு பள்ளம், கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளம், அப்புறம் இன்னொன்று. அதற்கு நேர் மேலே, புஷ் ஆழத்தில் அதே இடத்தில் ஒரு இறக்கம். அதற்கும் மேலே, ரிஜெக்ட் அதே இடத்தில் குத்துக்கோடாக நின்றது. மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். மூன்றையும் தொட்டுக்கொண்டு இறங்கி, அடியில் ஒரு தேதியில் போய் நின்றது. காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரம்.

அடுத்த பள்ளம்? அதுவும் வெள்ளி. அதற்கடுத்தது? அதுவும்.

சாஃப்ட்வேரை நம்புகிற ஜாதி அல்ல நான். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் சீட்டுக்குப் போகாமல் நேராக ஷெட்டுக்குள் போனேன்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் லைனில் சின்னதாக ஒரு பூஜை. முதலில் அவரவர் மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குக் கையில் ஏர் கன் — காற்றைப் பீய்ச்சித் தூசியையும் இரும்புத் துகளையும் ஊதித் தள்ளுகிற துப்பாக்கி. அப்புறம் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம், கடைசியில் பொரி கடலை. எந்த மேனேஜர் வந்தாலும் இதை மட்டும் தொட்டதில்லை.

அன்றைக்கும் தனசேகர் தலைமையில் ஷெட் முழுக்க ஏர் கன் சத்தம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில், பிரஸ்ஸுக்குப் போகிற அதே குழாய்க் காற்றில். சுவரில் இருந்த காற்றழுத்த மீட்டரைப் பார்த்தேன். முள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லா மெஷினும் நின்றிருந்தன, ஒன்றைத் தவிர. புஷ் பிரஸ். அந்த பாகம் மணிக்கு மணி கார் கம்பெனிக்குப் போயாக வேண்டும், அதனால் நிறுத்துவதில்லை. அதன் முன்னால் ஜெபராணி தனியாக நின்று ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிச் சிரித்தாள்.

நானும் கையை ஆட்டிவிட்டு, மறுபடி மீட்டரைப் பார்த்தேன்.

டீ பிரேக்கில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த நேரத்தில் பிரஸ்ஸில் யார் நிற்பது என்று லைனில் தகராறாம். எல்லாருக்கும் பூஜைக்குப் போக வேண்டும். இவள்தான் சொல்லியிருக்கிறாள், நீங்க சாமி கும்பிடுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவள்தான். மற்றவர்களும் சும்மா இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு லீவு வேண்டுமென்றால் ஆளுக்கு ஆள் போட்டி போட்டு மாற்றி நிற்பார்களாம்.

கிராஃபைப் பற்றிச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வாடிப்போனது.

"பூசையினாலதான்னு சொல்லிராதீங்கக்கா. அதை நிப்பாட்டிட்டாவன்னா எல்லாரும் என்னைய என்ன நெனப்பாவ? நான் ஊருக்கே போயிருதேன்."

சொல்லும்போது கண் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலைக்காக அப்பாவோடு மல்லுக்கு நிற்கிற பெண், கூட வேலை செய்கிறவர்கள் மனசு கோணக் கூடாது என்று அதை விட்டுவிடத் தயாராக இருக்கிறாள். என்ன செய்வது இவளை? திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டையும் செய்யாமல், படத்தை மட்டும் காட்டுகிறேன், பூஜையைப் பற்றி நானாக வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆடிட்டுக்கு முன்னால் எங்களுக்குள் ஒரு மீட்டிங். திரையில் படத்தைப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் காற்று குறைகிறது, காற்று குறைந்தால் பிரஸ் முழுதாக அழுத்துவதில்லை, புஷ் உட்காருவதில்லை. அந்த நேரத்தில் பிரஸ்ஸில் யார் நின்றிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அவ்வளவுதான் சொன்னேன்.

மேனேஜர் முன்னால் சாய்ந்து பார்த்தார். மெயின்டனன்ஸ்காரர்கள் சராசரி சரியாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார்கள். அதுவும் பொய் இல்லை. ஆபரேட்டர் பட்டையும் பொய் இல்லை. அவரவர் கிராஃபில் அவரவர் சொன்னது எல்லாமே உண்மை. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் தன் கிராஃபைத் தன் முறை வரும்போது காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். பக்கத்தில் இருப்பவர் கிராஃபில் அதே நிமிடத்தில் என்ன நடந்தது என்று யார் பார்த்தோம்? வீட்டிலும் நாம் இப்படித்தான் சண்டை போடுகிறோம் என்று தோன்றுகிறது, அதை விடுங்கள்.

மேனேஜர் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். அது ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் காற்று குறைகிறது?

நான் தொண்டையைக் கனைத்தேன். தண்ணீர் குடித்தேன். பாட்டிலை மூடினேன். மூடிய பாட்டிலை மறுபடி திறந்தேன்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். தனசேகர் எழுந்து நின்றார். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"சார், அந்த நேரத்துல ஏர் கன்னைத் தொறந்து வுட்டுகினு இருந்தது நாங்கதான். நாங்க சாமி கும்புடுறதுக்கோசரம்தான் அந்தப் பொண்ணு ஒண்டியா நின்னுகினு இருந்திச்சி. பொரியைக் கூட ஆறிப்போனப்புறம்தான் துன்னும். அது பேரை இதுல எழுதாதீங்க சார்."

பொரி எப்படி ஆறும் என்று யாரும் கேட்கவில்லை. தனசேகர் உட்காரவும் இல்லை, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

மேனேஜர் கடுமையான ஆள். ஆனால் கணக்குத் தெரிந்தவர். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் புஷ் பிரஸ்ஸும் நிற்கட்டும், முந்தின நாளே கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்ளலாம் என்றார். காற்று குறைந்தால் பிரஸ் தானாகவே நின்றுவிடுகிற மாதிரி ஒரு சுவிட்ச் போடச் சொன்னார். முதலிலேயே இருந்திருக்க வேண்டிய சுவிட்ச் அது. மெயின்டனன்ஸ்காரர்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். பிறகு மேனேஜர் என் ஷீட்டை வாங்கி, கீழே இருந்த இரண்டு கட்டங்களையும் பேனாவால் அடித்தார். ஆளை மாற்ற ஒரு பேனா போதும் என்று சொன்னேன் இல்லையா? ஆளை மீட்கவும் அதே பேனாதான். எடுப்பதற்குத்தான் மனசு வேண்டும்.

ஆடிட் முடிந்தது. வந்தவர்கள் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கேன்டீன் சாப்பாட்டையும் பாராட்டிவிட்டுப் போனார்கள். போன வாரம் பெர்மனென்ட் லிஸ்ட் வந்தது. ஜெபராணி இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பிரஸ் நின்றிருந்தது. வேலையில்லாமல் நிற்கத் தெரியாமல் அவள் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தாளாம். தனசேகரே பொரியை ஒரு பேப்பரில் கட்டி முதலில் அவளிடம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஷெட் வாசல் போர்டில் பழைய பட்டையைக் கிழித்துவிட்டு இந்தப் படத்தை ஒட்டியிருக்கிறோம். ஷிஃப்ட் முடிந்து போகும்போது ஜெபராணி அதன் முன்னால் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

"இதுல எம் பேரு எங்கக்கா இருக்கு?"

"இல்லையே. இதில் யார் பெயரும் இல்லை."

படத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தயங்கித் தயங்கி, எனக்கு ஒரு பிரின்ட் கிடைக்குமா, அப்பாவிடம் காட்ட வேண்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு கோடு, ஒரு தேதி. சாத்தான்குளத்தில் இருக்கிற மனிதருக்கு இதில் என்ன புரியும்? உன் பெயரே இல்லாத படத்தைக் காட்டி அவரிடம் என்னதான் சொல்வாய் என்று கேட்டேன்.

"போர்டுல எம் பேரு பெருசா கெடக்குன்னு அழுதுக்கிட்டே சொன்னவ நான்தானக்கா. இப்ப இல்லைன்னும் நான்தானே சொல்லணும்."

நம்பர்கள் வெளியே போகக் கூடாது என்பது கம்பெனி ரூல். நம்பர்களை அழித்துவிட்டு, கோடுகளைக் கலரில் எடுத்துக் கொடுத்தேன்.